முன்வரிசைக் காம்பு

வருகை தந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு.

மேசையின் தலைப்பக்கம், குளிரூட்டிக்கு நேர்க் கீழே, நிலைய இயக்குநர் டாக்டர் ரெங்கமணி. அவருக்கு வலப்புறம், மெத்தை போட்ட ஒரே நாற்காலியில், சிறப்பு அழைப்பாளர் திரு. அருள்வேந்தன், முன்கணிப்பு நலத்துறையின் இணை இயக்குநர். இடப்புறம், வளர்ச்சிக் கணிப்புப் பிரிவின் டாக்டர் ஜெசிந்தா. அவரை அடுத்து, முந்திரித் தட்டு கைக்கெட்டும் தூரத்தில், பேரூராட்சி உறுப்பினர் திரு. பால்துரை. மேசையின் வால்பக்கம், கதவுக் காற்றில் தாள் பறக்கும் இடத்தில், கூட்டக் குறிப்பு எழுதும் கண்காணிப்பாளராகிய நான், பரமார்த்தலிங்கம். கதவுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக, இரண்டு பன்றிக்குட்டிகள் கிடந்த கூடையுடன், மூன்றாம் கொட்டகைப் பணியாளர் பேச்சித்தாய். அவருக்கு இருக்கை ஒதுக்கப்படவில்லை.

இருக்கையை முதலில் எழுதுவது என் பழக்கம். செம்பாடு போர்டு உயர்நிலைப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டபோது, யார், எங்கே, எப்போது என்பவை மேலே வர வேண்டும், சொந்தக் கருத்து கடைசியில் வர வேண்டும், தாளில் இடம் இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம் என்று சொன்னார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக என் தாளில் இடம் இருந்ததே இல்லை.

இந்தப் பழக்கத்தை எங்கள் நிலையத்தின் பன்றிகளும் ஆதரிக்கின்றன. பிறந்த மூன்றாம் நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் தாயிடம் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். பால் மறக்கும்வரை அதை விடாது. முன்பக்கத்துக் காம்புகளில் பால் அதிகம். முரட்டுக் குட்டிகள் அங்கே போய்விடும். நோஞ்சான் பின்னால் தொங்கும். எங்கள் குழுவிலும் பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் இடம் மாறியதில்லை.

குறிப்பு எழுத ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். கூட்ட அறையின் கூரையில் ஒரு காது இருக்கிறது. பேசுவதையெல்லாம் கேட்டு, சுருக்கி, மாலை ஐந்து மணிக்குத் தலைநகருக்கு அதுவே அனுப்பிவிடும். ஆனால் பதினான்காம் விதியை நீக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். மனிதக் கையால் எழுதப்பட்டு, உறுப்பினர்கள் கையொப்பமிட்டு, முத்திரையிட்டு அதே நாள் தபாலில் சேர்க்கப்பட்ட குறிப்பு இருக்குமானால், கூரை அனுப்பியது செல்லாது. அந்த விதியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் முதல் பொருள், சிறப்பு அழைப்பாளருக்குப் பொன்னாடை போர்த்துதல். சரிகைக் கரை போட்ட மஞ்சள் பட்டு. இயக்குநர் போர்த்தினார். அழைப்பாளர், இதெல்லாம் எதற்கு என்றபடியே இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது பொருள், ‘நாடி’யின் செயல்விளக்கம்.

நாடி என்பது டாக்டர் ஜெசிந்தாவின் கருவி. தேங்காய் அளவில் ஒரு கண். அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு மூளை. மூன்று நாள் குட்டியை ஏழு விநாடி பார்த்து, ஐம்பத்தாறாம் நாளில் அது எப்படி வளர்ந்திருக்கும் என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போடும். நாற்பதுக்கு மேல் முன்வரிசை. கீழே என்றால் பின்வரிசை. பின்வரிசைக் குட்டிக்குத் தீனி போடுவது வீண் என்பதால் அதை அன்றைக்கே மறுபயன் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். நான்கு ஊர் ஹோட்டல்களின் எச்சில் சோறு, கல்யாண மண்டபத்து இலைகள், கொட்டகைச் சாணம், பின்வரிசைக் குட்டி எல்லாம் அந்தத் தொட்டியில்தான் சேரும். அதில் ஈப்புழு வளர்த்து, காயவைத்து, பொடித்து, முன்வரிசைக் குட்டிகளுக்கே தீனியாகக் கொடுப்பார்கள். எதுவும் வீணாவதில்லை. எங்கள் வாசல் வளைவில் எழுதியிருப்பதும் அதுதான்.

“பேச்சி, முதல் குட்டி,” என்றார் இயக்குநர், கைக்குட்டையால் மூக்கை மூடியபடி.

பேச்சித்தாய் ஒரு குட்டியைத் தூக்கி மேசைமேல் விரித்த நெகிழித் தாளில் வைத்தார். வெள்ளைக் குட்டி, முதுகில் மட்டும் லேசாகப் பழுத்த நிறம். நாடி அதைப் பார்த்தது. பிறகு இனிமையான பெண்குரலில் சொன்னது: “மதிப்பெண் எண்பத்தெட்டு. முன்வரிசை.”

கைதட்டல்.

இரண்டாவது குட்டி அப்பழுக்கற்ற வெள்ளை. செயல்விளக்கத்துக்குத் தோற்கும் குட்டி ஒன்றும் வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மூன்றாம் கொட்டகையில் தோற்கும் குட்டி அநேகமாகக் கிடைக்காது என்பதால், முதலாம் கொட்டகையிலிருந்து ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள்.

“மதிப்பெண் முப்பத்தொன்று. பின்வரிசை. மறுபயனுக்குப் பரிந்துரை.”

இதற்கும் கைதட்டல். பால்துரை சற்றுப் பலமாகவே தட்டினார்.

“அற்புதம்,” என்றார் அருள்வேந்தன். “நூற்றுக்கு எத்தனை சரியா இருக்கு டாக்டர்?”

“தொண்ணூற்றேழு சார்,” என்றார் ஜெசிந்தா.

“வளர்ந்த மனுஷனைப் பார்த்தாலும் மதிப்பெண் போடுமா?”

“பாலர் கூடத்துக் குழந்தைகளுக்குப் போட்டதே இதே கண்ணும் இதே மூளையும்தான் சார். குரல்ல மட்டும் கடைசி வாக்கியத்தை மாத்தியிருக்கோம்.”

“அப்ப என்னையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க,” என்று சிரித்துக்கொண்டே மேசை ஓரத்தில் போய் நின்றார் அழைப்பாளர். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் படம் எடுத்தேன். நாடி ஏழு விநாடி பார்த்தது.

“மதிப்பெண் தொண்ணூற்றாறு. முன்வரிசை.”

அன்றைய கைதட்டல்களிலேயே நீளமானது அதுதான். “மிஷினுக்குத் தெரியுது பாருங்க,” என்றார் இயக்குநர். ஐம்பத்து நான்கு வயதுக்காரர் இனி எந்தப் பக்கம் வளரப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நான் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது பொருளுக்காகத்தான் கூட்டமே. முன்கணிப்பு நலத்துறை சென்ற மாதம் நாடியை எங்கள் ஊர்ப் பாலர் கூடங்களுக்குக் கொண்டுபோயிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்த்தது. நாற்பத்தொரு பேர் பின்வரிசை. அவர்களுக்கு அடுத்த திங்கள்கிழமை முதல் முட்டையும் பாலும் கிடையாது. இதற்குப் பெயர் ‘வீணாதல் தவிர்ப்பு’. நாடி எங்கள் நிலையத்தில் பிறந்தது என்பதால் பட்டியலுக்கு எங்கள் குழு ஒப்புதல் தர வேண்டும்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். பேச்சித்தாய் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். கூடையில் இருந்தது முப்பத்தொன்று வாங்கிய குட்டி.

“ஏட்டி, கூட்டம் நடக்குதுல்லா? பொறவு கேளு,” என்றார் பால்துரை.

“இருக்கட்டும், பேசட்டும்,” என்றார் அருள்வேந்தன். தொண்ணூற்றாறு வாங்கியவருக்குப் பெருந்தன்மை சுலபம். “சொல்லும்மா.”

“அந்தப் பட்டியல்ல எம்பிள்ளை பேரும் இருக்காமே ஐயா. தர்ஷிகா. மூணு வயசு ஆவுது.”

“ஒண்ணும் பயப்படாதே. கஞ்சி உண்டு, கீரை உண்டு. முட்டையும் பாலும் மட்டும்தான் நிக்கும். எந்த உடம்புல சத்து ஒட்டும், எதுல ஒட்டாதுன்னு இப்ப முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஒட்டாத உடம்புல போட்டா வீண்தானே?”

“எது வரைக்கும் ஐயா நிறுத்துவிய?”

“அஞ்சு வயசு வரைக்கும்.”

“அதுக்குப் பொறவு?”

“அதுக்குப் பிறகு வேற துறை.”

பேச்சித்தாய் கொஞ்சம் யோசித்தார். “பொறக்கும்போதுதான் ஐயா ஒண்ணே முக்கால் கிலோ. இப்போ ஓட்டமா ஓடுதா. நான் வேலைக்கு வந்துருவேன், அவளுக்கு அந்தப் பாலர் கூடத்து முட்டைதான் பாத்துக்கிடுங்க. இன்னொருக்கா அந்தக் கண்ணைப் பாக்கச் சொல்லக் கூடாதா?”

“மறுபார்வை கிடையாது,” என்றார் அருள்வேந்தன், பெருந்தன்மை தீர்ந்த குரலில். “ஒருத்திக்குத் திறந்தா நாற்பத்தொருத்தியும் வாசல்ல நிப்பாங்க. கருவிக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?”

“இவளுக்குத் தெரியாததா சார்?” என்றார் இயக்குநர். “நாலு வருஷமா எல்லாக் கொட்டகைப் பின்வரிசைக் குட்டியையும் தொட்டிக்குக் கொண்டுபோறதே இவதான். அதுக்கெல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கியா பேச்சி?”

பேச்சித்தாய் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நான்கு ஆண்டுகளில் ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குட்டிகள். எண்ணைக் குறிப்பில் ஏற்றியவன் நான். ஒவ்வொரு முறையும் ‘ஒருமனதாக’ என்ற சொல்லை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர்.

கையொப்பத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பால்துரை முன்மொழிந்தார். ஏற்கப்பட்டது.

சாப்பாடு, ஆட்டுக்கறி பிரியாணி. பன்றி வளர்ப்பில் நாட்டுக்கே வழிகாட்டும் இக்குழுவில் பன்றிக்கறி தொடுகிறவர் ஒருவரும் இல்லை. சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும். சாப்பிட உட்காருமுன் அருள்வேந்தன் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நெய் பட்டுவிடக் கூடாது என்று நான் அதை மடித்து அவருடைய காரின் பின்னிருக்கையில் வைத்தேன். இதுவும் என் பணிகளில் ஒன்று.

காரிலிருந்து திரும்பும் வழியில் மூன்றாம் கொட்டகை. அதற்கு இருபதடி தள்ளித் தொட்டி. பேச்சித்தாய் தொட்டிப் பக்கம் போகவில்லை. கூடையோடு கொட்டகைக்குள் நுழைந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் நான் அந்தக் கொட்டகைக்குள் போனது இரண்டு முறை, அதுவும் சுதந்திர தினத்தன்று. மூன்றாவது முறையாகப் போனேன்.

தாய்ப்பன்றி படுத்திருந்தது. பேச்சித்தாய் முன்பக்கத்துக் காம்பில் தொங்கிய தடிக்குட்டியைப் பிடுங்கி ஒரு கூடையில் போட்டார். அது போட்ட கூச்சலைச் சட்டை செய்யவில்லை. பிறகு முப்பத்தொன்றை எடுத்து, தகர டப்பாவிலிருந்து மஞ்சள் விழுதை வழித்து அதன் முதுகில் தடவினார்.

“ஏம்மா, அதைத் தொட்டிக்குல்லா கொண்டுபோகணும்?”

அவர் திடுக்கிடவில்லை. “கொண்டுபோவேன் அண்ணாச்சி. சாவப்போறது ஒரு வாய் குடிச்சிட்டுச் சாவட்டுமே.”

“மஞ்சள் எதுக்கு?”

“அடையாளத்துக்கு. எல்லாம் வெள்ளைப் பயலுவ; எது நோஞ்சான், எது தடியன்னு எப்படித் தெரியும்? நோஞ்சானுக்கு மஞ்சள் பூசிக்கிட்டா, பாலூட்டும்போதெல்லாம் அதைத் தூக்கி முன்காம்புல வைக்கலாம். தடியன் அதுவரைக்கும் கூடையில கெடப்பான். ரெண்டு நாள் அப்படிச் செஞ்சா நோஞ்சானும் தேறிரும். மூணாம் நாள் தொப்புள் புண்ணுக்குன்னு எல்லாத்துக்கும் ஒரு பூச்சு.”

“எத்தனை வருஷமா இப்படிச் செய்யுத?”

“வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. அந்தக் கண்ணு வாரதுக்கு மூணு வருஷம் முன்னாடியே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “குட்டியில கை வைக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்காவ. பெரியவருகிட்ட சொல்லிராதிய.”

அப்போதுதான் கொட்டகைக் கம்பியில் ஓடும் நாடியின் கண் ஒன்று, மணிக்கொருமுறை வருவதுபோல், எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. ஏழு விநாடி பார்த்தது.

“மதிப்பெண் எண்பத்தைந்து. முன்வரிசை.”

நானும் பேச்சித்தாயும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதே குட்டி. காதில் அதே துளை. ஒன்றரை மணி நேரத்தில் ஐம்பத்து நான்கு மதிப்பெண் ஏறியிருந்தது. ஒரு வாய் பால்கூட இன்னும் குடிக்கவில்லை.

நான் ஒழுங்குப்படி வேலை செய்கிறவன். கண்ணைக் கையால் இயக்கும் பொத்தான் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டுக் குட்டிகளைப் பொறுக்கி எடுத்தோம். மஞ்சள் இல்லாமல் ஒரு முறை, பூசி ஒரு முறை. தாளில் இரண்டு பத்தி கோடு போட்டு எண்களை எழுதினேன். எட்டும் ஒரே கதைதான் சொல்லின. எட்டாவது, கூடையில் கிடந்த அந்தத் தடியன், கொட்டகையிலேயே கொழுத்தது. மஞ்சள் இல்லாமல் அதற்கு முப்பத்தாறு.

பேச்சித்தாய் மஞ்சள் கையோடு அப்படியே நின்றார்.

“அப்போ என் கொட்டகையில குட்டி கழியாததுக்கு நான் மாத்தி மாத்தி வச்சது காரணம் இல்லியா?”

“குட்டி தேறினதுக்கு அதுதான் காரணம். மதிப்பெண்ணுக்கு மஞ்சள்.”

“மத்த மூணு கொட்டகையில மஞ்சள் பூச ஆள் இல்ல.”

“இல்ல.”

“அதுவள நான்தான அண்ணாச்சி சுமந்துட்டுப் போனேன்?”

கையை முந்தானையில் துடைக்கப் போனவர், துடைக்காமல் அந்தக் கையையே பார்த்தார். “எம்பிள்ளையப் பாக்க வந்த அன்னைக்குக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெள்ளைக் கவுன் மாட்டிக் கூட்டிட்டுப் போனேன். பெரிய மனுசங்க வாராவன்னு.”

பவுடர் போட்டதற்காக ஒரு குழந்தை இரண்டு வருட முட்டையை இழக்கப்போகிறது. என் பணிக்காலத்தில் இதைவிடத் துப்புரவான மடத்தனத்துக்கு நான் குறிப்பு எழுதியதில்லை.

ஜெசிந்தா தன் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தாளை அவர்முன் வைத்தேன். யாருடைய கை மஞ்சள் என்று சொல்லவில்லை. அவர் இரண்டு பத்திகளையும் படித்துவிட்டு, டிபன் பாக்ஸை மெதுவாக மூடினார்.

“மஞ்சளை நான் படத்துல பார்த்திருக்கேன் சார். இரும்புச்சத்து ஊசி போட்ட குட்டிக்கு அடையாளம்னு நினைச்சேன்.”

“யாரையாவது கேட்டீங்களா?”

“யாரைக் கேக்க? கொட்டகையில யார் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது.” தாளை மறுபடி எடுத்தார். “நாடி குட்டியைப் பார்த்துக் கத்துக்கல. யாரோ ஒருத்தர் பார்த்துப் பார்த்துத் தேத்தின குட்டியில அவங்க விட்டுட்டுப்போன நிறத்தைக் கத்துக்கிட்டிருக்கு. மஞ்சள் இருந்தா வளரும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.”

“அப்புறம் தொண்ணூற்றேழு எப்படி வந்தது?”

“முன்வரிசைக் குட்டியை மட்டும்தான் சார் ஐம்பத்தாறாம் நாள் எடை போட்டோம். பின்வரிசைதான் தொட்டிக்குப் போயிடுதே.”

தொட்டிக்குப் போன குட்டி எழுந்து வந்து தன் எடையைச் சொல்லாது என்ற நம்பிக்கையில் ஒரு விஞ்ஞானம் நான்கு ஆண்டுகள் நடந்திருக்கிறது.

“கூட்டத்துல சொல்லுங்கம்மா,” என்றேன்.

“சொன்னா இயக்குநர் முதல்ல என்ன கேப்பார் தெரியுமா? மஞ்சள் பூசினது யாருன்னு கேப்பார். சோதனையைக் கெடுத்ததுன்னு அந்த ஆளை அனுப்பிட்டு, கருவியைப் புதுசாப் பழக்குவோம், அதுவரைக்கும் பட்டியல் இருக்கட்டும்பார்.” என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்கும் ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார்.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்பது எனக்குத் தெரியும். குறிப்பு எழுதுகிறவனுக்குக் கூட்டம் நடக்குமுன்பே கூட்டம் தெரியும்.

“அழைப்பாளருக்குக் காலையில எடுத்த படம் சரியா விழலைன்னு வச்சுக்குவோம்,” என்றேன். “கருவி முன்னால இன்னொருக்கா நிப்பாட்டி எடுக்கலாமா?”

ஜெசிந்தா நிமிர்ந்தார். “சால்வை?”

“காரில் இருக்கு. பூட்டி, சாவியை ஓட்டுநர்கிட்ட குடுத்தேன். அவர் சாப்பிடப் போயிருக்கார்.”

படம் சரியாக விழவில்லை என்பதுதான் பத்தொன்பது ஆண்டுகளில் நான் சொல்லப்போகும் முதல் பொய். ஒழுங்காகத் தயார் செய்திருந்தேன்.

பிற்பகல் இரண்டு மணி முப்பது நிமிடத்துக்குக் கூட்டம் மீண்டும் கூடியது. அவரவர் இடத்தில் அவரவர். பேச்சித்தாய் கதவருகே, வெறுங்கூடையுடன். படம் சரியாக விழவில்லை என்று நான் சொன்னதும் அருள்வேந்தன் தானாகவே எழுந்தார்.

“அந்த மதிப்பெண்ணும் சேர்ந்து விழணும்,” என்றார். “வீட்ல காட்டணும்.”

வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து நின்றார். ஜெசிந்தா கண்ணைத் திருப்பினார்.

ஏழு விநாடி.

“மதிப்பெண் இருபத்தேழு. பின்வரிசை. மறுபயனுக்குப் பரிந்துரை.”

பால்துரையின் வாயில் முந்திரி பாதியில் நின்றது.

“என்ன சொல்லுச்சு?” என்றார் அருள்வேந்தன்.

நாடி பணிவான கருவி. கேட்டால் திரும்பச் சொல்லும். சொன்னது.

“இன்னொரு தடவை பாருங்க டாக்டர்!”

ஜெசிந்தா பார்க்க வைத்தார். “இருபத்தேழு,” என்றது. தொட்டிக்குப் பரிந்துரைத்தது.

“ஏதோ பழுது சார்,” என்று இயக்குநர் எழுந்துவிட்டார். “சின்னப் பழுது. இதை யாரும் பெரிசா எடுத்துக்க வேண்டாம்…”

“கூரை எடுத்துக்கிட்டது ஐயா,” என்றேன் நான்.

அத்தனை முகமும் மேலே போயிற்று. கூரையில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு, முன்கணிப்பு நலத்துறையின் இணை இயக்குநரை நாடி மறுபயனுக்குப் பரிந்துரைத்த செய்தி, அழகாகச் சுருக்கப்பட்டு, அவருடைய மேலதிகாரிகள் பதினோரு பேருக்கும் போய்ச் சேரும்.

“அதை அழிங்க!”

“அழிக்க வழி இல்லை ஐயா. பதினான்காம் விதிப்படி என் குறிப்பு போய்ச் சேர்ந்தால் மட்டும் அது செல்லாது.”

“அப்ப எழுதுங்க. மிஷின் பழுதுன்னு எழுதுங்க.”

நான் பேனா மூடியைக் கழற்றினேன். ஆனால் எழுதவில்லை. “ஒரு சந்தேகம் ஐயா. காலையில் மறுபார்வை கிடையாது என்று குழு முடிவு செய்திருக்கிறது. கருவி சரியென்றால் இருபத்தேழு நிற்கும். பழுதென்றால் இதே கண்ணும் இதே மூளையும் போட்ட நாற்பத்தொரு பேர் பட்டியல் நிற்காது. இரண்டில் எதை எழுதட்டும்?”

“எனக்கு மட்டும் பழுதுன்னு எழுத முடியாதா?”

அவர் இதை வெட்கமில்லாமல்தான் கேட்டார். நான் விதிப்புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். புரட்டுகிற சத்தம் போதும்.

“வழி இல்லை ஐயா.”

“யோவ், பழுதான மிஷின் போட்ட பட்டியலை எவன்யா வச்சுக்குவான்?” என்று மேசையில் அடித்தார். “கிழிங்க அதை! எல்லாப் பிள்ளைக்கும் முட்டை குடுங்க! கருவி சரியாகிற வரைக்கும் ஒரு குட்டியைக்கூட அது பார்க்கக் கூடாதுன்னு எழுதுங்க!”

“பன்றிக்குட்டியையும் சேர்த்தா ஐயா?”

“எல்லாக் குட்டியையும்!”

நாற்பத்தொரு குழந்தைகள் விஷயத்தில் தெய்வவாக்காக இருந்த கருவி ஒரே ஒருவர் விஷயத்தில் வாய் தவறியதும் கருமான் பட்டறைக்கு அனுப்ப வேண்டிய இரும்பாகிவிட்டது. எழுதினேன். வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். இயக்குநர் கையொப்பமிட்டார். அழைப்பாளர் தாள் கிழியுமளவு அழுத்திக் கையொப்பமிட்டார். பிறகு ஜெசிந்தா. பிறகு பால்துரை. முன்காம்பிலிருந்து பின்காம்பு வரை ஒழுங்காக வந்தது. கடைசியில் ‘ஒருமனதாக’ என்று எழுதியபோது, அந்தச் சொல் முதன்முறையாக எனக்குப் பயன்பட்டது.

“எப்ப சரியாகும் டாக்டர்?” என்று இயக்குநர் ஜெசிந்தாவிடம் கேட்டார்.

“புதுசாத்தான் பழக்கணும் சார். எல்லாக் குட்டியையும் உயிரோட வச்சு எடை போட்டாத்தான் முடியும். ரெண்டரை வருஷமாவது ஆகும்.”

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இரண்டரை வருடத்தில் தர்ஷிகாவுக்கு ஐந்து வயது தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு வேறு துறை. அடுத்த பட்டியலில் வேறு நாற்பது பேர் இருப்பார்கள். அப்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன். இதை வெற்றி என்று எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன்.

வெளியே வந்தபோது பேச்சித்தாய் வராந்தாவில் நின்றார்.

“அந்த மெத்தை நாற்காலிக்காரருக்கு என்ன அண்ணாச்சி அவ்வளவு கோவம்?”

“தொட்டிக்குப் போகச் சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது?”

அவர் சிரிக்கவில்லை. “ஆறாயிரத்துச் சொச்சம் போச்சே. ஒண்ணுக்காவது கோவப்பட வாய் இருந்துச்சா?” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார். முப்பத்தொன்று அங்கே முன்காம்பில் இருந்தது. தடியன் கூடைக்குள் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான்.

நான்கே முக்காலுக்கு என் மேசையில் உறையை விரித்தேன். உள்ளே போக வேண்டியவை இரண்டு. முதலாவது, கையொப்பமிட்ட குறிப்பு. இரண்டாவது, இணைப்பு: கொட்டகையில் கோடு போட்டு எழுதிய தாள், மஞ்சளுக்கு முன், மஞ்சளுக்குப் பின். அதன் அடியில், ஒழுங்குப்படி, சோதனை நடந்த இடம், நேரம், உடனிருந்த பணியாளரின் பெயர். யார், எங்கே, எப்போது என்று எழுதாமல் என்னால் எதையும் எழுத முடியாது. பெயர் இல்லாத இணைப்பு செல்லாது. பெயர் இருந்தால் பேச்சித்தாய்க்கு வேலை இருக்காது.

இணைப்பை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு குறிப்பிலிருந்து நான் எடுத்துவிட்ட ஒரே தாள் அது. உறையின் வாயில் பசை தடவி, ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, நிலைய முத்திரையை அழுத்தினேன்.

தபால் வண்டியோடு வந்த சுடலைமணி உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கொட்டகையில் என் விரலில் ஒட்டிய மஞ்சள் நான்கு மூலையிலும் பட்டிருந்தது.

“என்ன சார், மூலையில மஞ்சள்? கல்யாணப் பத்திரிகையா?”

“ஆமா,” என்றேன்.

“மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?”

“பொண்ணு வீடு.”

“நல்லா இருக்கட்டும்,” என்று உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுடலைமணி வண்டியைக் கிளப்பினார். மணி நான்கு ஐம்பத்தாறு.